சொந்த சர்வர் வைப்பவர்கள் டொமைனை எங்கே பதிவு செய்வது?

வீட்டில் ஒரு சிறிய கணினியைச் சர்வராக ஓடவிட்டு, புகைப்படங்களையும் கோப்புகளையும் மின்னஞ்சலையும் அதிலேயே வைத்துக்கொள்ள முடிவு செய்பவர்கள் அந்தப் பெட்டியைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். எந்த ஹார்டு டிஸ்க், எவ்வளவு மெமரி, எந்த லினக்ஸ் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு இணையத்தில் பெயராக அமையும் டொமைனை மட்டும் கண்ணில் பட்ட மலிவான இடத்தில் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் காலையில் கைபேசியின் புகைப்படச் செயலி "இணைக்க முடியவில்லை" என்றது. ரவுட்டரின் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. சர்வரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சர்வரின் எண் முகவரியான ஐபி முகவரியை அடித்து உள்ளே போனால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆனால் பிரவுசரில் டொமைன் பெயரை அடித்தால் ஏதோ ஒரு விளம்பரப் பக்கம் வந்து நின்றது. டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய தேதி கடந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. கணக்கில் கொடுத்திருந்த கார்டின் காலம் முடிந்திருந்தது. அந்த நிறுவனம் வாரந்தோறும் சலுகை மடல்களை அனுப்பிக்கொண்டிருந்ததால், அதன் மடல்களை எல்லாம் தனிக் கோப்புறைக்குத் தள்ளிவிடும்படி நானே வடிகட்டி போட்டிருந்தேன். நினைவூட்டல்களும் அங்கேயே கிடந்தன.

சரி, பணம் கட்டிவிடலாம் என்று கணக்கில் நுழைந்தேன். "புதிய கருவியிலிருந்து வருகிறீர்கள், மின்னஞ்சலுக்கு அனுப்பிய குறியீட்டை இடுங்கள்" என்று கேட்டது. அந்த மின்னஞ்சல் முகவரி, காலாவதியான அதே டொமைனில் நான் நடத்திவந்த முகவரி. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். அடையாளச் சான்றையும், நல்லவேளையாக அச்செடுத்து வைத்திருந்த ஒரு பழைய ரசீதின் நகலையும் அனுப்பி, நான்கு நாட்கள் காத்திருந்த பிறகே கணக்கு கைக்கு வந்தது.

சொந்த சர்வர் அமைப்பில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நீங்கள் உங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். டொமைன் மட்டும் குத்தகை. குத்தகைக்கு எடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிடிக்காமல் போனால் எப்படி வெளியேறுவது என்பது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

முதல் படி: யாரிடம் எது இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

டாட் காம், டாட் நெட் இரண்டின் மொத்தப் பதிவேட்டையும் வெரிசைன் நிறுவனம் வைத்திருக்கிறது. டாட் ஆர்க் பதிவேடு பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்பிடம் இருக்கிறது. இவர்கள் நம்மிடம் நேரடியாக விற்பதில்லை. நம்மிடம் பணம் வாங்கி, அந்தப் பதிவேட்டில் நம் பெயரை எழுதிவைப்பவர்தான் பதிவு நிறுவனம். 1998-இல் தொடங்கப்பட்ட ஐகான் என்ற அமைப்பு இந்தப் பதிவு நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. டாட் காம் போன்ற பொது முடிவுகளுக்கான (முடிவு என்பது டொமைன் பெயரின் கடைசித் துண்டு) விதிகளும் அதன் மேற்பார்வையில்தான் உருவாகின்றன.

மூன்றாவதாக டிஎன்எஸ் சேவை இருக்கிறது. உங்கள் பெயரைக் கேட்டால் எந்த ஐபி முகவரிக்குப் போக வேண்டும் என்று பதில் சொல்வது இதன் வேலை. பதிவு நிறுவனமே இதையும் இலவசமாகத் தருவதால் இரண்டும் ஒன்றே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பதிவு ஓரிடத்திலும் டிஎன்எஸ் வேறோரிடத்திலும் இருக்கலாம். சொந்த சர்வர் வைப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதுதான். காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டொமைன் விற்கும் கடைகளில் பல, வேறொரு பதிவு நிறுவனத்தின் மறுவிற்பனையாளர்கள். சிக்கல் வந்தால் கடைக்காரர் நிறுவனத்தைக் கை காட்டுவார், நிறுவனம் கடைக்காரரைக் கை காட்டும். அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் ஐகானின் தளத்தில் இருக்கிறது. பணம் கட்டும் முன் அதில் அந்தக் கடையின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாம் படி: முதலில் முடிவைத் தேர்ந்தெடுங்கள்

பெயரின் கடைசித் துண்டு எது என்று தீர்மானித்த பிறகுதான் பதிவு நிறுவனத்தைத் தேட வேண்டும். எல்லா நிறுவனங்களும் எல்லா முடிவுகளையும் விற்பதில்லை.

இலவசப் பெயர்களை நம்ப வேண்டாம். டாட் டிகே, டாட் எம்எல் போன்றவற்றை ஃப்ரீநோம் நிறுவனம் பல ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்தது. 2023-இல் புதிய பதிவுகளை நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் டொமைன் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அவற்றின் மேல் வீட்டு சர்வரைக் கட்டி வைத்திருந்தவர்கள் வேறு பெயர் தேடிப் போக வேண்டியதாயிற்று.

இரண்டெழுத்து முடிவுகள் எல்லாம் நாடுகளுக்கோ நிலப்பகுதிகளுக்கோ உரியவை. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அங்கே சட்டம் அந்தந்த அரசின் சட்டம். 2024 பிப்ரவரியில் டாட் ஏஎஃப் முடிவில் இயங்கிவந்த ஒரு மாஸ்டடான் (சமூக வலைத்தள மென்பொருள்) சர்வரின் பெயரை ஆப்கானிஸ்தான் அரசு முடக்கிவிட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், பிரிட்டன் முகவரியை மட்டும் வைத்திருந்தவர்களின் டாட் இயு பெயர்கள் 2021 தொடக்கத்தில் செயலிழந்தன. நீங்கள் வாழும் நாட்டின் முடிவு என்றால் தயங்க வேண்டாம். சொல்விளையாட்டுக்காக வேறொரு நாட்டின் முடிவை எடுக்க நினைத்தால், விதிகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். டாட் யுஎஸ் போன்ற சிலவற்றில் பதிவு விவரங்களை மறைக்கவே அனுமதி கிடையாது. உங்கள் பெயரும் முகவரியும் யார் தேடினாலும் தெரியும்.

டாட் டெவ், டாட் ஆப் இரண்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த முடிவுகள் முழுவதையும் பிரவுசர்கள் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்கும். இது நல்லதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய சான்றிதழைப் போடும் முன் சோதனைப் பக்கத்தைத் திறந்து பார்க்க முயன்றால் திறக்காது. சர்வரில் கோளாறு என்று நினைத்து இரவு முழுவதும் தேடாதீர்கள்.

எனக்குச் சலிப்பூட்டும் முடிவுகளே பிடிக்கும். டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க், அல்லது உங்கள் நாட்டின் முடிவு. புதிய முடிவுகளில் "பிரீமியம்" என்று குறிக்கப்பட்ட பெயரைத் தொடாதீர்கள். பல முடிவுகளில் அந்தக் கூடுதல் விலை ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வரும்.

வீட்டுக்குள் மட்டும், வெளியுலகத்துக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்பவர்களுக்கு டொமைன் வாங்காமலும் ஒரு வழி உண்டு. உள் நெட்வொர்க்குகளுக்கென்றே ஐகான் 2024-இல் டாட் இன்டர்னல் என்ற முடிவை ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குப் பொதுச் சான்றிதழ் கிடைக்காது. எல்லாக் கருவிகளிலும் சொந்தச் சான்றிதழை நிறுவி அல்லாடுவதைவிட ஒரு டொமைன் வாங்கிவிடுவது எளிது.

மூன்றாம் படி: பதிவு நிறுவனத்தை விசாரியுங்கள்

இரண்டு மூன்று நிறுவனங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் உதவிப் பக்கங்களையும் பணம் கட்டுவதற்கு முன்பே படியுங்கள். முகப்புப் பக்கத்தில் இருப்பது விளம்பரம். நிறுவனத்தின் குணம் உதவிப் பக்கங்களில்தான் தெரியும்.

விலையில் பார்க்க வேண்டியது இரண்டாம் ஆண்டின் விலை. முதல் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாத விலை போட்டு, புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பது இத்தொழிலில் நெடுநாள் வழக்கம். புதுப்பிக்கும் கட்டணத்தையும், காலாவதியான பெயரை மீட்கும் கட்டணத்தையும் பதிவு நிறுவனங்கள் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்பது ஐகானின் விதி. தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்த நிறுவனம் வேண்டாம்.

அடுத்து, வெளியேறும் வழி. நிறுவனம் மாறுவதற்கு இரண்டு வேலைகள்தான் வேண்டும்: பெயரை யாரும் வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகாமல் தடுக்கும் மாற்றல் பூட்டைத் திறப்பது, புதிய நிறுவனத்தில் இட வேண்டிய மாற்றல் குறியீட்டைப் பெறுவது. நல்ல நிறுவனங்களில் இரண்டையும் கணக்குக்குள்ளேயே ஒரு நிமிடத்தில் செய்யலாம். சிலர் கோரிக்கை அனுப்பச் சொல்லிக் காக்கவைப்பார்கள். கோரிய 5 நாட்களுக்குள் குறியீட்டைக் கொடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனாலும் 5 நாட்கள் இழுப்பவரிடம் ஏன் போய் மாட்டிக்கொள்ள வேண்டும்? புதிதாகப் பதிவு செய்த பெயரையும், நிறுவனம் மாற்றிய பெயரையும் பொதுவாக 60 நாட்களுக்கு மீண்டும் மாற்ற முடியாது. அவசரமாக வாங்கிவிட்டு அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கே அடிபட்டுப் போகும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். இருபடிச் சரிபார்ப்பு கண்டிப்பாக இருக்க வேண்டும். குறுஞ்செய்தி வழியாக மட்டும் என்றால் போதாது. கைபேசிச் செயலி அல்லது பாதுகாப்புச் சாவி வழியாக இருக்க வேண்டும். டொமைன் திருட்டு யாருக்கோ நடக்கும் சங்கதி என்று நினைக்காதீர்கள். பெர்ல் நிரல்மொழியின் பழைய தளங்களில் ஒன்றான பெர்ல் டாட் காம், தொழில்நுட்பம் அறிந்தவர்களின் கையில் இருந்தும் 2021 ஜனவரியில் பறிபோனது. பிப்ரவரியில் மீட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சமூகமே நின்றது. தனி ஆளுக்கு அந்தப் பலம் இருக்காது.

நிறுவனத்தின் அளவைப் பார்த்து மயங்க வேண்டாம். கூகுள் தன் டொமைன் தொழிலை 2023-இல் ஸ்கொயர்ஸ்பேஸுக்கு விற்றது. வாடிக்கையாளர்களும் அதோடு கைமாறினார்கள். 2007-இல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற நிறுவனம் சரிந்து அங்கீகாரத்தை இழந்தபோது, பல்லாயிரக்கணக்கான பெயர்களின் கதி கேள்விக்குறியானது. பதிவுத் தரவின் நகலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு அதற்குப் பிறகுதான் முறையாக நடைமுறைக்கு வந்தது.

கடைசியாக, வேறு நேம்சர்வர்களை (டிஎன்எஸ் பதில்களைத் தரும் சர்வர்களை) வைத்துக்கொள்ள அனுமதிக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலானோர் அனுமதிப்பார்கள். கிளவுட்ஃபிளேர் தன் பதிவுச் சேவையில் லாபம் வைக்காமல் விற்கிறது, ஆனால் அங்கே பதிவு செய்த பெயருக்கு அவர்களுடைய நேம்சர்வர்களையே பயன்படுத்த வேண்டும். விலையை மட்டும் பார்த்தால் அதுவே நல்ல தேர்வு. பதிவையும் டிஎன்எஸ்ஸையும் பிரித்து வைக்க விரும்புபவர்களுக்குப் பொருந்தாது. டிஎன்எஸ் பதில்கள் போலியில்லை என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கையொப்பத்துக்கான டிஎஸ் பதிவை நீங்களே சேர்க்கவும் நீக்கவும் முடிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் கோரிக்கை அனுப்பச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான்காம் படி: டிஎன்எஸ் எங்கே இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

இணையத்தில் தளம் மட்டும் நடத்துபவருக்கு இது சின்ன விஷயம். வீட்டில் சர்வர் வைத்திருப்பவருக்கு நாள்தோறும் தொடும் இடம் இதுதான். காரணங்கள் இரண்டு.

வீட்டு இணைய இணைப்பின் ஐபி முகவரி அடிக்கடி மாறும். மாறியதும் டிஎன்எஸ் பதிவும் தானாக மாற வேண்டும். இதற்கு டிடிகிளையன்ட் போன்ற சிறு நிரல் ஒன்று சர்வரிலோ ரவுட்டரிலோ ஓடிக்கொண்டிருக்கும். அது டிஎன்எஸ் சேவையுடன் ஏபிஐ வழியாக, அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழியாகப் பேச வேண்டும்.

இரண்டாவது, சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. பெயர் உங்களுடையதுதானா என்று அது சரிபார்க்கும் வழிகளில் ஒன்று, உங்கள் சர்வரின் 80-ஆம் எண் போர்ட்டுக்கு (வலைப்பக்கங்களுக்கான வாயிலுக்கு) வந்து பார்ப்பது. பல வீட்டு இணைப்புகளில் அந்தப் போர்ட்டை மூடி வைத்திருப்பார்கள். பல வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பங்கிட்டுக்கொள்ளும் இணைப்பாக இருந்தால் வெளியிலிருந்து யாரும் உங்கள் சர்வருக்கு நேராக வரவே முடியாது. அப்போது கை கொடுப்பது டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு. லெட்ஸ் என்கிரிப்ட் சொல்லும் ஒரு எழுத்துக் கோவையை டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் பதிவாக இட்டால் போதும், சர்வரை வெளியுலகுக்குத் திறக்கவே வேண்டாம். எல்லாத் துணை டொமைன்களுக்கும் சேர்த்து ஒரே நட்சத்திரச் சான்றிதழ் வாங்கவும் இந்த ஒரு வழிதான் உண்டு. வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுவதால், உங்கள் துணை டொமைன் பெயர்களை ஊரறியச் செய்ய வேண்டாம் என்றால் நட்சத்திரச் சான்றிதழே நல்லது.

இதைக் கையால் செய்து காலம் தள்ள முடியாது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு வழக்கமான ஆயுள் 90 நாட்கள். 2029 மார்ச்சுக்குள் எல்லாப் பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளும் 47 நாட்களாகச் சுருங்கும் என்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் தயாரிப்பாளர்களும் 2025-இல் முடிவெடுத்துவிட்டார்கள். ஆகவே ஏபிஐ இல்லாத டிஎன்எஸ் சேவை நமக்கு உதவாது.

ஏபிஐ இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. சில பதிவு நிறுவனங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் டொமைன் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஏபிஐ தருகின்றன. சில, முன்பே பதிந்த நிலையான ஐபி முகவரியிலிருந்து மட்டும் பேசச் சொல்கின்றன; ஐபி மாறுவதால்தானே ஏபிஐ தேடி வந்தோம்! எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஒரே சாவியால் கணக்கு முழுவதையும் திறக்கும் ஏபிஐ. அந்தச் சாவி உங்கள் வீட்டு சர்வரில் ஒரு கோப்பாகக் கிடக்கும். சர்வருக்குள் எவராவது புகுந்தால், டெக்ஸ்ட் பதிவு போடுவதற்காக வைத்த சாவியை எடுத்துக்கொண்டு உங்கள் டொமைனையே கைமாற்றிவிடலாம்.

பதிவையும் டிஎன்எஸ்ஸையும் பிரித்து வையுங்கள் என்று சொன்னது இதனால்தான். ஒரு டொமைனின் பதிவுகளை மட்டும் திருத்தும் அளவுக்குச் சாவியின் அதிகாரத்தைக் குறுக்கும் டிஎன்எஸ் சேவையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது சாவி திருடு போனாலும் டொமைன் உங்களிடமே இருக்கும். இப்போதைய சேவையை விட மனமில்லை, அதில் ஏபிஐயும் இல்லை என்றால், சரிபார்ப்புக்கான அந்த ஒரு பெயரை மட்டும் சிநேம் பதிவு மூலம் ஏபிஐ உள்ள வேறொரு டொமைனுக்குத் திருப்பிவிடலாம். சான்றிதழ் மென்பொருள்கள் பலவற்றில் இதற்கு வழி இருக்கிறது.

ஐந்தாம் படி: வாங்கும் நாளில் செய்ய வேண்டியவை

வாங்கும் பக்கத்தில் மின்னஞ்சல் பெட்டி, தளம் கட்டும் கருவி, கட்டணச் சான்றிதழ் என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். பதிவு விவரத்தை மறைக்கும் சேவைக்குத் தனிப் பணம் கேட்டால் தயங்குங்கள். பல நல்ல நிறுவனங்கள் அதை இலவசமாகவே தருகின்றன.

கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல், நீங்கள் வாங்கும் டொமைனில் இருக்கவே கூடாது. அந்த டொமைன் செத்தாலும் உயிரோடு இருக்கும் முகவரியைக் கொடுங்கள். பெயரும் முகவரியும் உண்மையானவையாக இருக்கட்டும். மறைத்து வைத்த விவரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனால் கணக்கை மீட்க வேண்டி வரும் நாளில் உங்கள் அடையாளச் சான்றோடு ஒப்பிட அவர்களிடம் இருப்பது அது ஒன்றே. வாங்கியதும் முகவரியைச் சரிபார்க்கச் சொல்லி மடல் வரும். 15 நாட்களுக்குள் அதில் உள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்திவைத்துவிடலாம். எல்லாம் சரியாக அமைத்த இரண்டாவது வாரத்தில் திடீரென்று பெயர் வேலை செய்யவில்லை என்று திகைக்கும் புதியவர்களில் பலர் இந்த மடலைத்தான் தவறவிட்டிருப்பார்கள்.

இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அவற்றை அந்த சர்வரிலேயே சேமிக்காதீர்கள்.

தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பாக ஒரு நினைவூட்டலை உங்கள் நாட்காட்டியில் நீங்களே போடுங்கள். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலின் உள்நுழைவு அந்தப் பெயர் வழியாகவே நடந்ததால் பலரால் அதில் நுழைய முடியவில்லை. சம்பந்தமே இல்லாத ஒரு நிரலாளர் 35 டாலர் கட்டி அதைச் சரிசெய்தார். முடிந்தால் சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். டாட் காம் போன்றவற்றை ஒரே நேரத்தில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்துகொள்ளலாம்.

தவறிப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பொது முடிவுகளில் காலாவதிக்குப் பிறகு சலுகைக் காலம் ஒன்று உண்டு. அது நிறுவனத்தைப் பொறுத்தது, 45 நாட்கள் வரை போகலாம். பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். கட்டணம் அதிகமாக இருக்கும். அதன் பிறகு 5 நாட்களில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். சலுகைக் காலத்திலேயே சில நிறுவனங்கள் பெயரை ஏலம் விடுவதும் உண்டு.

ஆறாம் படி: வெளியேறுவதை ஒத்திகை பாருங்கள்

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். டிஎன்எஸ் பதிவுகள் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். பூட்டை எங்கே திறப்பது, குறியீடு எங்கே கிடைக்கும் என்று போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பூட்டியே விடுங்கள்.

உண்மையாகவே மாற வேண்டிய நாளில் வரிசை முக்கியம். டிஎன்எஸ் இன்னும் பழைய பதிவு நிறுவனத்திடமே இருந்தால் முதலில் அதை வேறு சேவைக்குக் கொண்டுபோக வேண்டும்; பெயர் வெளியேறியதும் அவர்கள் டிஎன்எஸ்ஸை நிறுத்திவிடலாம். டிஎன்எஸ்செக் போட்டிருந்தால், நேம்சர்வர்களை மாற்றுவதற்கு முன்பே டிஎஸ் பதிவை நீக்கிவிட்டு ஒன்றிரண்டு நாட்கள் பொறுங்கள். இல்லாவிட்டால் பழைய கையொப்பத்தை எதிர்பார்க்கும் சர்வர்கள் உங்கள் பெயரையே ஏற்க மறுக்கும். புதிய நேம்சர்வர்களில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகு பூட்டைத் திறந்து, குறியீட்டை வாங்கி, புதிய நிறுவனத்தில் இடுங்கள். பழையவர் உடனே சம்மதிக்காவிட்டாலும், தகுந்த காரணம் காட்டி மறுக்காதவரை 5 நாட்களில் மாற்றம் தானாக நிறைவேறும். டாட் காம் போன்றவற்றில் மாற்றலுக்குக் கட்டும் பணம் ஓராண்டு நீட்டிப்பாகச் சேர்ந்துவிடுவதால் நட்டம் இல்லை. பதிவு விவரத்தில் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்த வேண்டியிருந்தால் மாறிய பிறகு திருத்துங்கள். முன்பே திருத்தினால் சில இடங்களில் அதற்கும் 60 நாள் பூட்டு விழும்.

பழைய கணக்கை மூடுவதற்கு முன் அங்கே இருக்கும் ரசீதுகளை எல்லாம் இறக்கி, ஒன்றையாவது அச்செடுத்து வையுங்கள். என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்தது அப்படி ஒரு தாள் அலமாரியில் இருந்ததால்தான்.